எல்லைக்குத் தடிமன் உண்டா?
அலுமினியக் கூட்டுப்பொருள்களும் ஒரு கலைச்சொல்லின் திருத்தமும்

 

மொழியியல் படித்தவர்கள் இத்தகைய மேடைக்கு வந்தால் இலக்கணத்தைப் பற்றியோ கிளைமொழிகளைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது உலோகத்தைப் பற்றிய பொருள். அலுமினியத்துக்குள் செராமிக் துகள்களைக் கலந்து உருவாக்கும் கூட்டுப்பொருளில், துகளும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் எல்லையைப் பற்றியது இவ்வுரை. எங்கள் துறைக்கு வெளியே உள்ள பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த எல்லைக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்தோம். வைத்த பெயர் பிழையானது. அதை ஒப்புக்கொள்ளவும், பிழை எங்கே நேர்ந்தது என்பதை விளக்கவுமே இங்கு வந்திருக்கின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன், தொழில்நுட்பம் பயிலும் இளையருக்காகத் தமிழ்க் கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தொகுத்த சிறு குழுவில் நாங்கள் இருந்தோம். மூலப் பட்டியலில் அருகருகே இரண்டு ஆங்கிலச் சொற்கள் நின்றன. ஒன்று இரு பொருள்கள் சந்திக்கும் பரப்பைக் குறிப்பது. மற்றொன்று அவற்றுக்கிடையே உருவாகும் புதிய பொருளாலான அடுக்கைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அவற்றின் எழுத்துகள் வேறு. கடைசி ஒலியும் சற்றே வேறு. தமிழில் ஒலிபெயர்த்து எழுதினால் இரண்டும் ‘இண்டர்ஃபேஸ்’ என்றே ஆகிவிடும். எழுத்துப்பிழையால் ஒரே சொல் இருமுறை வந்துவிட்டது என்று எண்ணி, இரண்டாவதை நீக்கிவிட்டு, முதலாவதற்கு ‘இடைமுகம்’ என்று எழுதினோம். கணினித் துறையில் அச்சொல் ஏற்கெனவே வழங்கியதால் எவரும் மறுக்கவில்லை. பட்டியலும் அச்சாயிற்று.

அதன்பின் ஒருநாள், உலோக வார்ப்படத் தொழிலில் நெடுங்காலம் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் எங்களைக் காண வந்தார். கையில் உடைந்த உலோகத் துண்டு ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, “ஐயா, நீங்கள் கொடுத்திருக்கும் இந்த இடைமுகத்துக்குத் தடிமன் உண்டா?” என்று கேட்டார்.

“முகத்துக்கு ஏது தடிமன்? அது பரப்புத்தானே” என்றோம்.

“அப்படியானால் இந்தத் துண்டு ஏன் உடைந்தது என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் தமிழில் சொல்ல முடியாது, ஐயா” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்வதற்கு எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின. விளங்கியதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

கூட்டுப்பொருள் என்பது யாது?

அலுமினியம் எடை குறைந்த உலோகம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். எஃகு ஏறத்தாழ 7.8 கிராம். ஆயினும் விறைப்பில் அலுமினியம் பின்தங்கியது. விறைப்பை அளக்கும் யங் குணகம் எஃகுக்கு 200 கிகாபாஸ்கலை ஒட்டியது. அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70 மட்டுமே. சிலிக்கன் கார்பைடு என்னும் செராமிக் பொருளுக்கோ அது 400-ஐயும் தாண்டும். ஆனால் செராமிக் நொறுங்கும் இயல்புடையது. உலோகத்தின் நெகிழ்வும் செராமிக்கின் விறைப்பும் ஒரே பொருளில் அமைய வேண்டுமானால், செராமிக்கைப் பொடித்து உலோகத்துக்குள் பரப்ப வேண்டும். கன அளவில் 20 விழுக்காடு சிலிக்கன் கார்பைடுத் துகளைச் சேர்த்தால், அலுமினியத்தின் யங் குணகம் ஏறத்தாழ 100 கிகாபாஸ்கலுக்கு உயர்கிறது. எடையோ பெரிதும் கூடுவதில்லை.

உலோகக்கலவையில் ஓர் உலோகத்தின் அணுக்களோடு மற்றொன்றின் அணுக்கள் கலந்துவிடுகின்றன. கூட்டுப்பொருளில் அவ்வாறு கலப்பதில்லை. துகள் துகளாகவே இருக்கும். உலோகம் உலோகமாகவே இருக்கும். ஆகவே கூட்டுப்பொருளில் எல்லை என்பது எங்கும் நிறைந்திருக்கின்றது.

எவ்வளவு நிறைந்திருக்கின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு துகளும் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை எனக் கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் கூட்டுப்பொருளில் 20 விழுக்காடு துகள் இருப்பின், ஏறத்தாழ 380 மில்லியன் துகள்கள் அதற்குள் இருக்கும். அவற்றின் மேற்பரப்பு முழுவதையும் விரித்தால் 1,200 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்நுனியளவு உலோகத்துக்குள் ஏறத்தாழ இரண்டு ஏ4 தாள்களின் பரப்பு எல்லையாக மடிந்து கிடக்கின்றது. பொருள்மேல் விழும் சுமை உலோகத்திலிருந்து துகளுக்குச் செல்ல வேண்டுமாயின் இந்த எல்லையைக் கடந்தே செல்ல வேண்டும். எல்லை பழுதுபட்டால் துகள் எவ்வளவு விறைப்பாக இருந்தும் பயனில்லை.

தாமரை இலைத் தண்ணீர்

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். உருகிய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடுப் பொடியைக் கொட்டினால் அது உள்ளே போவதில்லை. சிலிக்கன் கார்பைடு உருகிய அலுமினியத்தைவிட அடர்த்தி மிக்கது. அமிழ வேண்டியது அதுவே. ஆயினும் மேலே ஒதுங்கி நிற்கும். காரணம், உருகுநிலையை ஒட்டிய வெப்பத்தில் அலுமினியம் செராமிக்கை நனைப்பதில்லை. தாமரை இலைமேல் தண்ணீர் உருண்டு நிற்பதுபோல் உலோகத் துளி செராமிக் மேல் குவிந்து நிற்கும். இயற்பியலார் இதனைச் சேர்கோணம் 90 பாகைக்கு மேற்பட்ட நிலை என்பர். இதன்மேல், உருகிய அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொள்கின்றது. அந்தத் தோலும் தடையாகின்றது.

இத்தடையைக் கடக்கப் பல வழிகள் கண்டனர். உருகிய உலோகத்தைச் சுழலும்படி கலக்கி, சுழியின் நடுவே துகளைச் செலுத்துவது ஒன்று. உலோகத்தில் சிறிதளவு மக்னீசியம் சேர்ப்பது மற்றொன்று. மக்னீசியம் நனைதலைக் கூட்டும். துகளுக்கு வேறோர் உலோகத்தால் பூச்சிடுவது இன்னொன்று. 1960-களில் அமெரிக்காவில் பிரதீப் ரோகத்கியும் அவருடைய உடனாய்வாளரும் அலுமினியத்தில் கிராஃபைட்டுத் துகளைக் கலக்க முனைந்தபோது, துகளுக்கு நிக்கல் பூச்சிட்டே உள்ளே செலுத்தினர். ரோகத்கி பின்னர் இந்தியாவில் திருவனந்தபுரத்து வட்டார ஆய்வுக்கூடத்தை முதல் இயக்குநராக இருந்து வளர்த்தவர்.

இவ்விடத்தில் இலக்கணம் படித்த உள்ளத்துக்கு ஒன்று நினைவுக்கு வராமல் இராது. தமிழில் ஓர் உயிர் மற்றோர் உயிரை நேரே ஏற்பதில்லை. ‘மணி’யும் ‘அடித்தான்’ என்பதும் சேர வேண்டுமானால் இடையே ஒரு யகரம் வர வேண்டும்: மணியடித்தான். ஒன்றையொன்று ஏற்காத இரண்டை உடம்படச் செய்வதால் அதற்கு உடம்படுமெய் என்று பெயர். நிக்கல் பூச்சும் மக்னீசியமும் வார்ப்படச் சாலையின் உடம்படுமெய்கள்.

வினைபுரியும் எல்லை

நனைந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என எண்ணலாம். உண்மையில் அடுத்த சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. நன்றாகத் தொட்டுக்கொண்டவை வினைபுரியவும் கூடும்.

உருகிய அலுமினியம் சிலிக்கன் கார்பைடைத் தாக்குகின்றது. நான்கு அலுமினிய அணுக்களும் மூன்று சிலிக்கன் கார்பைடு அலகுகளும் சேர்ந்து ஓர் அலுமினியக் கார்பைடு அலகையும் மூன்று சிலிக்கன் அணுக்களையும் தருகின்றன. சிலிக்கன் உருகிய உலோகத்தில் கரைந்து சென்றுவிடும். அலுமினியக் கார்பைடோ துகளின் மேலேயே படிகங்களாக வளர்கின்றது. வெப்பம் உயர உயர, நேரம் நீள நீள, அப்படிகங்கள் பெருகித் துகளைச் சுற்றி ஓர் அடுக்காகின்றன. இப்போது அங்கே இருப்பவை இரண்டு பொருள்கள் அல்ல; மூன்று. எல்லைக்குத் தடிமன் வந்துவிட்டது. பொறியாளர் கேட்ட கேள்வியின் உட்பொருள் இதுவே.

இந்த மூன்றாம் பொருள் நொறுங்கும் இயல்புடையது. அதனினும் கொடிது, அது நீரைக் கண்டால் சிதைவது. அலுமினியக் கார்பைடு நீரோடு வினைபுரிந்து அலுமினிய ஹைட்ராக்சைடாகவும் மீத்தேன் வளியாகவும் மாறிவிடும். வெளியே தெரியும் துகளின் எல்லையிலோ நுண்ணிய வெடிப்பிலோ ஈரம் புகுந்தால், துகளைப் பிடித்திருந்த அடுக்கு கரைந்துபோகும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் வட்டாரத்தில் இதனை எளிதாகக் கொள்ள இயலாது.

இதனைத் தடுக்கும் முறைகளும் எல்லையை அறிந்தே அமைந்தன. முதலாவது, உலோகத்திலேயே சிலிக்கனை நிறைத்துவிடுவது. வினையின் விளைபொருள் ஏற்கெனவே மிகுந்திருந்தால் வினை முன்செல்லத் தயங்கும். அதனால்தான் சிலிக்கன் கார்பைடை வார்ப்பில் கலக்க, ஏறத்தாழ 9 விழுக்காடு சிலிக்கன் கொண்ட ஏ359 என்னும் உலோகக்கலவையைத் தேர்ந்தனர். இரண்டாவது, துகளைக் காற்றில் உயர்வெப்பத்துக்குச் சூடாக்கி, அதன்மேல் சிலிக்கன் டை ஆக்சைடு அடுக்கை முன்கூட்டியே வளர்த்துவிடுவது. மூன்றாவது, துகளையே மாற்றுவது. சிலிக்கன் குறைந்த 6061 உலோகக்கலவைக்குச் சிலிக்கன் கார்பைடுக்குப் பதிலாக அலுமினிய ஆக்சைடுத் துகளைச் சேர்ப்பர்.

அங்கும் எல்லை வாளாவிருப்பதில்லை. 6061-இல் ஏறத்தாழ 1 விழுக்காடு மக்னீசியம் உண்டு. அது அலுமினிய ஆக்சைடுத் துகளின் மேல் ஸ்பைனல் என்னும் ஆக்சைடாகப் படிகின்றது. ஸ்பைனல் துகளை உலோகத்தோடு நன்றாகப் பிணைக்கும். ஆனால் 6061-க்கு உறுதி தருவது மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த நுண்ணிய வீழ்படிவுகள். எல்லையில் மக்னீசியம் செலவாகிவிட்டால், உள்ளே உறுதிக்கு வேண்டிய மக்னீசியம் குறையும். ஆகவே இடையில் தோன்றும் அடுக்கு யாவும் தீது என்பதும் இல்லை, நன்று என்பதும் இல்லை. எது தோன்றியது, எவ்வளவு தோன்றியது என்பனவே கேள்விகள். தடிமன் இல்லாத ‘முகம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ‘எவ்வளவு’ என்று கேட்கவே இயலாது.

நம் இலக்கணிகள் சொற்களின் எல்லையில் இவ்வாறே கேட்டனர். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் ஒன்பது இயல்கள், நான்காவது புணரியல். இரண்டு சொற்கள் மாற்றமின்றிச் சேர்வது இயல்பு: வாழைமரம். மாறிச் சேர்வது விகாரம். அதனைத் தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் மூன்றாக வகுக்கின்றது: வாழைப்பழம், பொற்குடம், மரவேர். எல்லையில் தோன்றும் ஓர் எழுத்து எத்துணை வலியது என்பதை ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ என்ற இரண்டும் காட்டும். முதலாவது தொழில் கேட்பது. இரண்டாவது படைக்கருவி கேட்பது.

இந்த ஒப்புமையை ஓர் அளவோடு நிறுத்த வேண்டும். புணர்ச்சியில் தோன்றிய ககரம் நாளடைவில் இரண்டு ககரமாக வளர்வதில்லை. உலோக எல்லையில் தோன்றிய அடுக்கோ, வெப்பமும் நேரமும் கிடைத்தால் வளர்ந்துகொண்டே இருக்கும்.

குளிரும்போது நிகழ்வது

வினை எதுவும் நிகழாத எல்லையும் ஓய்ந்திருப்பதில்லை. அலுமினியம் வெப்பத்தால் மிக விரியும். ஒரு பாகைக்கு, மில்லியன் பங்கில் ஏறத்தாழ 23 பங்கு. சிலிக்கன் கார்பைடு 4 அல்லது 5 பங்கே விரியும். கூட்டுப்பொருளை 500 பாகையிலிருந்து அறைவெப்பத்துக்குக் குளிர்வித்தால், உலோகம் சுருங்க விரும்பும் அளவுக்கும் துகள் சுருங்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றை நெருங்குகின்றது. உலோகத்துக்கு இது பெரிய வேறுபாடு. துகளை ஒட்டிய உலோகத்தில் அணு வரிசைகள் பிறழ்ந்து, பிறழ்வுக் கோடுகள் பலவாகத் தோன்றும். 1980-களில் மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்தே கூட்டுப்பொருளைக் குளிர்வித்து, அக்கோடுகள் எல்லையில் பிறப்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டனர்.

இப்பிறழ்வுகள் உலோகத்துக்கு வலிமை சேர்க்கின்றன. வீழ்படிவுகள் பிறக்கவும் அவை இடம் கொடுப்பதால், துகள் இல்லாத உலோகத்தைவிடக் கூட்டுப்பொருள் பெரும்பாலும் விரைவாகத் தன் உச்சக் கடினத்தை அடைகின்றது. எல்லையின் ஆட்சி எல்லையோடு முடிவதில்லை.

இவ்விரிவு வேறுபாட்டைப் பயனாக்கியும் கொண்டனர். கன அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கன் கார்பைடு கொண்ட அலுமினியத் தட்டுகள், மின்தொடர்வண்டிகளின் மின்னாற்றல் அலகுகளுக்கு அடித்தட்டாகின்றன. அலகின் மேலே உள்ள செராமிக் தகடு குறைவாக விரிவது. அடித்தட்டு மிகுதியாக விரிந்தால், சூடாவதும் ஆறுவதுமாக நாள்தோறும் நிகழும் மாற்றத்தில் இடையிலுள்ள பற்றவைப்பு வெடித்துவிடும். துகள் மிகுந்த அலுமினியம் விரிவைக் கட்டுப்படுத்திக்கொண்டே வெப்பத்தையும் கடத்துகின்றது.

உடைந்த முகங்கள் சொல்வது

இனி அந்த உடைந்த துண்டுக்கு வருவோம். கூட்டுப்பொருள் உடைந்தால் இரண்டு உடைமுகங்கள் கிடைக்கும். அவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து நுண்ணோக்கியால் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் எங்களுக்குக் கற்பித்தார். ஒரு முகத்தில் பாதித் துகளும், மறுமுகத்தில் அதே இடத்தில் மற்றப் பாதியும் தெரிந்தால், உடைந்தது துகள். எல்லை சுமையைத் தாங்கித் துகளுக்குக் கடத்தியிருக்கின்றது. ஒரு முகத்தில் முழுத் துகளும், மறுமுகத்தில் அதன் வடிவில் குழியும் தெரிந்தால், விட்டுக்கொடுத்தது எல்லை.

எங்கள் மேசைக்கு வந்த துண்டில் குழிகளே மிகுதி. வார்க்கும்போது உலோகம் அளவுக்கு மீறிய வெப்பத்தில் நெடுநேரம் இருந்துவிட்டது என்று அவர் சொன்னார். இடையில் வளர்ந்த கார்பைடு அடுக்குதான் பிளந்தது. “இங்கே பிளந்தது உலோகமும் அன்று, துகளும் அன்று, ஐயா. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருள் இருந்தது. அதற்கு உங்கள் பட்டியலில் பெயர் இல்லை” என்றார்.

அவர் சொன்னது எங்கள் தொழிலின் மீதான குற்றச்சாட்டு. அதற்கு மறுமொழி இல்லை.

சொல்லும் பொருளும்

ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்பர். கடன்சொற்களுக்கு நாங்கள் பகைவர் அல்லர். கார்பைடு, ஸ்பைனல், செராமிக் என்று இவ்வுரையிலேயே தாராளமாகச் சொன்னோம். ஆனால் இங்கே கடன்சொல் உதவாது. இரண்டு சொற்களும் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வேறுபாட்டைக் காக்க வேண்டுமானால் தமிழ்ச்சொல்லாலேயே காக்க முடியும்.

விடை எங்கள் நூலகத்தில் கிடைக்கவில்லை, வயலில் கிடைத்தது. நிலப்படத்தில் இரண்டு வயல்களுக்கு நடுவே எல்லைக்கோடு இருக்கும். அதற்கு அகலம் இல்லை. வயலுக்குள் இறங்கினால் வரப்பு இருக்கும். அதற்கு அகலம் உண்டு, அதன்மேல் நடக்கலாம், புல் முளைக்கும், நண்டு துளைத்தால் நீர் கசியும். கோடும் வரப்பும் ஒரே இடத்தில் இருந்தாலும் ஒன்றல்ல என்பது உழவர் அனைவருக்கும் தெரியும். இந்த வேறுபாட்டைப் பின்பற்றி, தடிமன் இல்லாத சந்திப்பை ‘இடைப்பரப்பு’ என்றும், நடுவே தோன்றித் தடிமன் பெற்ற அடுக்கை ‘இடைப்படலம்’ என்றும் பிரித்தோம். பொறியாளர் இரண்டையும் தம் பயிற்சிப் பட்டறையில் சொல்லிப் பார்த்தார். “இடைப்படலம் எத்தனை நானோமீட்டர்?” என்று ஒரு மாணவர் கேட்டாராம். அந்தக் கேள்வி தமிழில் பிறந்துவிட்டது என்பதே எங்களுக்குப் போதும்.

1977-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றவரும், 2018 முதல் 2022 வரை சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தலைவராக விளங்கியவருமான சுப்ரா சுரேஷ், உலோகக் கூட்டுப்பொருள்களின் அடிப்படைகளைப் பற்றி 1993-இல் வெளிவந்த நூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர். இத்துறையின் அறிவு நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. நாம் நடமாடும் வளாகங்களிலேயே இருக்கின்றது. அதை அறிந்தவர்களும் சொல்லாக்கம் செய்வோரும் ஒரே மேசையில் அமர்வதுதான் அரிதாக இருக்கின்றது. எங்கள் குழுவில் உலோகத்தைத் தொட்டவர் ஒருவரேனும் இருந்திருந்தால், இரண்டாம் சொல்லைப் பிழை என்று நீக்கியிருக்க மாட்டோம்.

ஆகவே மொழி மன்றத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. கலைச்சொல் பட்டியல் எதுவாயினும், அச்சுக்குச் செல்லுமுன் அப்பொருளைக் கையால் ஆள்பவரிடம் அதைக் கொடுங்கள். அவர் அச்சொல்லைக்கொண்டு தம் வேலையில் ஒரு கேள்வி கேட்க முடிகின்றதா என்று பாருங்கள். கேட்க முடியாவிட்டால், சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பப் பெறுங்கள்.

அந்த உடைந்த துண்டைப் பொறியாளர் எங்களிடமே விட்டுச் சென்றார். அதன் இரண்டு பாதிகளும், பெரிதாக்கி எடுத்த படங்களும் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. உரை முடிந்ததும் மாணவர்கள் வந்து பார்க்கலாம். குழி எங்கே, துகள் எங்கே என்று நீங்களே பொருத்திப் பாருங்கள்.